தமிழ்மூலத்து நான்காம் வினா

விடைத்தாள் திருத்துகிற நாட்களில் ரதி யாரோடும் அதிகம் கதைப்பதில்லை. காலையில் வெள்ளவத்தையில் பஸ் ஏறித் தொலைக்கல்வி நிலையத்துக்கு வருவாள். மேல்மாடி மண்டபத்தில் தனக்கென்று ஒதுக்கிய மேசையில் சிவப்புப் பேனாவையும் தண்ணீர்ப் போத்தலையும் வைத்துவிட்டு விடைத்தாள் கட்டைப் பிரித்தாளென்றால் மத்தியானச் சோற்றுக்குத்தான் தலை நிமிர்வாள். ஆசிரிய கலாசாலையில் நெடுங்காலம் கற்பித்து இளைப்பாறியவள். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், பல்கலைக்கழகம் ஒன்று தபாலிலும் வார இறுதி வகுப்புகளிலுமாக நடத்திவந்த கல்விமாணிப் பட்டநெறிக்கு வருகை விரிவுரையாளராகச் சேர்ந்திருந்தாள். தமிழ்மொழிமூல மாணவர்களுக்கு ‘அளவீடும் மதிப்பீடும்’ அவளுடைய பாடம். பரீட்சை எப்படி வைப்பது, வினா எப்படிக் கேட்பது, புள்ளி எப்படி இடுவது என்று ஆசிரியர்களுக்கும் ஆசிரியராக வர ஆசைப்படுகிறவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கிற பாடம்.

அந்த வருடத்து வினாத்தாளை அவள் முதன்முதலாகக் கண்டது திருத்த உட்கார்ந்த அன்றைக்குத்தான். அது புதுமையில்லை. வினாத்தாளைப் பிரதம பரீட்சகர் சிங்களத்தில் தயாரிப்பார். இரகசியப் பிரிவில் யாரோ அதைத் தமிழாக்குவார். அச்சுக்குப் போவதற்கு முன்னர் பாட விரிவுரையாளர் ஒருவர் தமிழைப் பார்க்க வேண்டும் என்று விதி இருந்தது. ஆனால் வருடா வருடம் நேரம் போதாமல் போய்விடும். பாடநூலும் இப்படித்தான் வந்தது. புள்ளிவிபரவியலில் நியம விலகல் என்று இருக்க வேண்டிய இடமெல்லாம் ‘தராதரமான வழிதவறல்’ என்று அச்சாகியிருந்தது. கொட்டாஞ்சேனையில் அவள் எடுக்கிற ஞாயிறு வகுப்பில் பிள்ளைகள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். ரதியும் சிரித்துவிட்டு, வெட்டித் திருத்தி எழுதச் சொல்லுவாள்.

நான்காம் வினாவை வாசித்தபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ‘ஒரு பரீட்சை செல்லுபடியானதாக இருந்தும் நம்பகமற்றதாக இருக்கலாம். உதாரணங்களுடன் விளக்குக’ என்று இருந்தது.

வகுப்பில் அவள் இதைத் தராசை வைத்துத்தான் விளங்கப்படுத்துவாள். ஒரே பொருளை எத்தனை தரம் வைத்தாலும் ஒரே நிறையைக் காட்டினால் அந்தத் தராசு நம்பகமானது. உண்மையான நிறையைக் காட்டினால் செல்லுபடியானது. எப்போதும் அரைக் கிலோ குறைத்துக் காட்டுகிற தராசுக்கு நம்பகம் உண்டு, செல்லுபடி இல்லை. ஆனால் வைக்கிற தரமெல்லாம் வேறு வேறு நிறை காட்டுகிற ஒன்று சரியான தராசாக இருக்கவே முடியாது. ஆகவே நம்பகம் இருந்து செல்லுபடி இல்லாமல் போகலாம், மறுவளமாக நடக்காது. முதலாம் வருடப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. வினாத்தாள் அதைத் தலைகீழாகக் கேட்டிருந்தது.

அவள் எழும்பிப்போய் அடுத்த வரிசையில் சிங்கள மொழிமூலம் திருத்திக்கொண்டிருந்தவரிடம் அவருடைய வினாத்தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். அதில் சரியாகவே இருந்தது. தமிழில் இரண்டு சொற்களும் இடம் மாறியிருந்தன, அவ்வளவுதான்.

திரும்பி வந்து கட்டைப் பிரித்தவளுக்கு இன்னொன்று காத்திருந்தது. அனேகமான பிள்ளைகளுக்கு வினா பிழையென்பதே தெரியவில்லை. ‘நம்பகம் இருந்தும் செல்லுபடி இல்லாதிருக்கலாம்’ என்று தொடங்கி, ஒரே வசனங்களை ஒரே ஒழுங்கில் எழுதிவைத்திருந்தார்கள். பாடசாலைச் சுவரில் தொங்கும் பழுதான மணிக்கூடு ஒன்று எல்லா விடைத்தாளிலும் உதாரணமாக வந்தது. ‘எவ்வாறெனினும்’ என்ற சொல்லில் எல்லாரும் ஒரே எழுத்தைத் தவறவிட்டிருந்தார்கள். காலி வீதியில் ஒரு புடைவைக்கடைக்கு மேலே வகுப்பு நடத்துகிற தனுஷன் சேருடைய நோட்ஸ் அது. வெள்ளவத்தையில் இந்தப் பட்டத்துக்குப் படிக்கிறவர்களில் அவரிடம் போகாதவர்கள் குறைவு. பழைய வினாத்தாள்களைப் பார்த்து எந்த இலக்கத்தில் எந்த விஷயம் வரும் என்று கணித்து, விடையையும் எழுதிக் கொடுத்துவிடுவார். அவர் கணிப்பு தப்புவதில்லை.

வேறு சிலர் வினாவை வாசித்திருந்தார்கள். வாசித்தபடியால் குழம்பியிருந்தார்கள். ஒரு பக்கம் எழுதி, குறுக்கே வெட்டி, மறுபடி தொடங்கி, நேரம் முடிந்து நடுவில் விட்டிருந்தார்கள். அவர்களுக்கு என்ன போடுவதென்று தெரியாமல் ரதி அந்தத் தாள்களைத் தனியாக ஒதுக்கிவைத்தாள்.

பிறகுதான் அந்த விடைத்தாள் கைக்கு வந்தது. சாய்வில்லாத, பெரிய எழுத்து. ‘இந்தக் கூற்று எனக்குச் சரியாகப் படவில்லை’ என்று தொடங்கியிருந்தது. ‘தோட்டத்தில் ஒரே கூடைக் கொழுந்தை மூன்று முறை தொங்கவிட்டு மூன்று நிறை காட்டினால், அந்தத் தராசு எங்கள் கொழுந்தைச் சரியாக நிறுத்தது என்று யாரால் சொல்ல முடியும்? முதலில் அது ஒரு பேச்சில் நிற்க வேண்டும். நின்ற பிறகுதான் அந்தப் பேச்சு உண்மையா என்று பார்க்கலாம். ஆகவே நம்பகமற்ற பரீட்சை செல்லுபடியானதாக இருக்க இயலாது.’ அதன் கீழே இரண்டு பக்கத்துக்கு வரைவிலக்கணமும் காரணங்களும்.

விடைத்தாளில் பெயர் இருக்காது, சுட்டெண்தான். ஆனாலும் ரதிக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. இராமலெட்சுமி. பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து உயர்தரம் முடித்துக் கொழும்புக்கு வந்தவள். அக்காவின் குடும்பத்தோடு கொட்டாஞ்சேனையில் ஒரு அறையில் இருந்துகொண்டு, கொச்சிக்கடையில் ஒரு முன்பள்ளியில் கற்பிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு முதல் ஆளாக வந்து முன் வாங்கில் இருப்பாள். ரதி தராசுக் கதை சொன்ன அன்றைக்கு, தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற தராசு எப்போதும் குறைத்துத்தான் காட்டும், அப்படியென்றால் அது நம்பகமான தராசுதானே என்று கேட்டு வகுப்பையே சிரிக்கவைத்தவள். இந்த ஒரு பாடம்தான் அவளுக்கு மிச்சம். இதில் சித்தியடைந்தால் பட்டம். பட்டம் கிடைத்தால், பட்டதாரி ஆசிரியர் நியமனத்துக்கு வயதெல்லை தாண்டுவதற்குள் விண்ணப்பிக்கலாம்.

ரதி அந்த வினாவுக்கு முழுப் புள்ளியும் போட்டாள். போட்டுவிட்டு வினாத்தாள் இரண்டையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

தமிழ்மொழிமூல இணைப்பாளர் ரொஷேல் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். மூன்று மொழியிலும் ஒரே வேகத்தில் கதைப்பாள். நிலையத்தில் தமிழ்ப் பகுதி என்று இருந்ததே அவளும் ஒரு தட்டெழுத்தாளரும்தான். அவள் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நெற்றியைத் தேய்த்தாள்.

“மிஸ், இது போன வருசமும் வேற பாடத்தில நடந்தது. நான் எழுதிக் குடுத்தன். பைலில போட்டாங்க.”

பிரதம பரீட்சகருக்குத் தொலைபேசி எடுத்தார்கள். அவர் மரியாதையான மனிதர். பிழை என்று உடனே ஏற்றுக்கொண்டார், மனம் வருந்துவதாகவும் சொன்னார். பிறகு ஒவ்வொரு வழியாக எடுத்துச் சொல்லத் தொடங்கினார். வினாவை நீக்கினால் அதற்கு விடையெழுதிய எல்லாருக்கும் நட்டம். பரீட்சையையே திரும்ப நடத்த வேண்டி வரும். நாடு முழுவதிலும் உள்ள தமிழ் மாணவர்கள் ஒரு வருடம் பின்னுக்குப் போவார்கள். தமிழுக்கென்று புள்ளித்திட்டத்தை மாற்றினால் இரண்டு மொழிக்கும் இரண்டு தரம் என்று பல்கலைக்கழகத்தின் செனற்சபை கேட்கும். அதற்குத் தனிக் குழு கூட வேண்டும், பிழையை எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். வெளியார் வந்து நடத்துகிற தர மீளாய்வு வரப்போகிற நேரத்தில் நிலையப் பணிப்பாளர் அதற்குச் சம்மதிக்கமாட்டார். பெரும்பாலானோர் எதிர்பார்த்த விடையை எழுதித்தானே இருக்கிறார்கள், அப்படியென்றால் பாதிப்பு சிறிதுதானே என்று கேட்டார்.

அவர்கள் வினாவை வாசிக்காதபடியால்தான் எழுதியிருக்கிறார்கள் என்றாள் ரதி. வாசித்த பிள்ளைதான் தோற்கப்போகிறது.

 அறிக்கையொன்று எழுதித் தாருங்கள், அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன் என்றார் அவர்.

ரதி அன்றைக்கே எழுதிக் கொடுத்தாள். ஆனால் ஒருவர் இட்ட புள்ளியோடு முடிகிற காரியமில்லை அது. இரண்டாவது பரீட்சகர் ஹாஷிம், மாளிகாவத்தையிலிருந்து வருகிற இளைப்பாறிய அதிபர். அவர் தனக்குத் தரப்பட்ட, சிங்கள வினாவுக்கென்று எழுதிய புள்ளித்திட்டத்தின்படி திருத்தி, வரைவிலக்கணத்துக்கு மட்டும் கொஞ்சம் போட்டிருந்தார். ரதி அவருடைய மேசைக்குப் போய் விளக்கினாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். சொல்வதில் பிழையே இல்லை என்று ஏற்றுக்கொண்டார். ஆனால் திட்டத்தில் இல்லாததைத் தான் எப்படிப் போடுவது, நாளைக்குக் கேட்டால் எதைக் காட்டுவது என்றார். இரண்டு பேருடைய புள்ளிக்கும் இடையில் தூரம் கூடியதால் விடைத்தாள் மூன்றாவது ஆளிடம் போனது. அவரிடமும் அதே திட்டம்தான் இருந்தது.

பெறுபேறு வந்தபோது தனுஷன் சேர் தன் வகுப்பு வாசலில் சித்தியடைந்தவர்களின் படங்களோடு பதாகை கட்டினார். சந்தைக்குப் போகிற வழியில் ரதி அதைக் கண்டாள். முகங்களில் பாதிக்கு மேல் அவளுக்குத் தெரிந்தவை. நல்ல பிள்ளைகள்தான். பகலில் வேலை, பிள்ளை குட்டி, சமையல். விளங்காத மொழியில் எழுதிய பாடநூலை வைத்துக்கொண்டு அவர்கள் வேறு எங்கே போவார்கள் என்றும் அவளுக்குத் தோன்றியது. அவர்கள்மேல் கோபப்பட முடியாமல் இருந்தது.

சித்தியடையத் தவறிய இராமலெட்சுமி அடுத்த சனிக்கிழமை ரதியின் வீட்டுக்கு வந்தாள். முன்பள்ளிப் பிள்ளைகளின் கலைவிழா முடிந்து அப்படியே பஸ் ஏறியிருந்தாள். கன்னத்தில் யாரோ பூசிய வர்ணம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. கதிரை நுனியில் இருந்துகொண்டு, கொடுத்த தேநீரைக் குடிக்காமல் கையில் பிடித்திருந்தாள். ஒழுங்கை முடிகிற இடத்துத் தண்டவாளத்தில் கோச்சி ஒன்று கடந்துபோன இரைச்சல் அடங்கியதும் கேட்டாள்.

“மேடம், நாலாவது கேள்விக்கு நான் எழுதுனது தப்புங்களா?”

பரீட்சகர் ஒருவர் விடைத்தாளைப் பற்றி மாணவரிடம் கதைக்கக் கூடாது. ரதி கையொப்பமிட்டுக் கொடுத்த நிபந்தனை அது. நீ எழுதியது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை.

“இல்லை பிள்ளை. நீர் எழுதினதுதான் சரி. கேள்வி பிழை.”

“கேள்வி தப்புனா, எனக்கு ஏன் மேடம் மார்க்ஸ் இல்ல?”

ரதி நடந்ததைச் சொன்னாள். மொழிபெயர்ப்பில் மாறியது, தான் சொன்னது, அவர்கள் சொன்னது, எல்லாம். சொல்லச் சொல்ல அது தன் காதுக்கே நொண்டிச் சாட்டாகக் கேட்டது.  முடிவில் இராமலெட்சுமி, மீள்பரிசீலனைக்குப் போட்டால் பார்ப்பார்களா என்று மட்டும் கேட்டாள். மீள்பரிசீலனை என்றால் கூட்டல் சரியா என்றுதான் பார்ப்பார்கள். விடையை யாரும் திரும்ப வாசிப்பதில்லை. அதையும் ரதி சொன்னாள்.

“சரிங்க மேடம்,” என்று எழுந்தாள் அவள். ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கோப்பையைக் குசினியில் கொண்டுபோய் வைத்தாள். ரதி ஒழுங்கை முனைவரைக்கும் கூடவே போனாள். அறிக்கை கொடுத்திருக்கிறேன், தர மீளாய்வுக் குழு வருகிறது, அவர்களிடமும் சொல்லுவேன், விடமாட்டேன் என்றெல்லாம் நடக்க நடக்கச் சொன்னாள். அவள் தலையாட்டிக்கொண்டு வந்தாள். நம்பித் தலையாட்டினாளா, ரதியின் மனம் நோகக் கூடாதென்று ஆட்டினாளா, தெரியவில்லை.

ரதியின் அறிக்கைக்குப் பதில் வந்தது. வந்த விதம்தான் அவள் எதிர்பாராதது. அவளை நிலையத்தின் தர உறுதிப்பாட்டுக் குழுவில் உறுப்பினராக நியமித்திருந்தார்கள். கூட்டத்தில் அவளுடைய அறிக்கை வாசிக்கப்பட்டது. எல்லாரும் கவலை தெரிவித்தார்கள். ‘எதிர்காலத்தில் கவனத்திற் கொள்ளப்படும்’ என்று குறிப்பில் எழுதிக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போனார்கள். அடுத்த விஷயம், மீளாய்வுக்காரர் வருகிற அன்றைக்கு மண்டபத்தில் எந்தத் திரைச்சீலை போடுவது என்பது.

மீளாய்வு நாளுக்காக நிலையம் வெள்ளையடிக்கப்பட்டது. சான்றுகள் என்று நிறம் நிறமாக ஒட்டிய கோப்புகள் மேசையை நிறைத்தன. விதிகள், நடைமுறைகள், நோக்கக் கூற்றுகள், எல்லாம் மும்மொழியிலும் இருந்தன. தமிழ்ப் பிரதியில் ‘தர உறுதிப்பாடு’ என்பது ஒரு பக்கத்தில் ‘தர உறுதிமொழி’ என்றும் இன்னொரு பக்கத்தில் ‘தரக் காப்புறுதி’ என்றும் இருந்ததை ரதி கண்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

மீளாய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கி வந்தவர் வேறொரு பல்கலைக்கழகத்துப் பேராசிரியை. அவரோடு வந்த இருவரில் ஒருவர் யாழ்ப்பாணத்துத் தமிழர், சாந்தகுமார் என்று பெயர். விரிவுரையாளர்களோடு தனியாகக் கதைக்கிற நேரத்தில், வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று தலைவி கேட்டதும் ரதி எழுந்தாள். இரண்டு வினாத்தாளையும் முன்னால் வைத்தாள். பாடநூலின் பக்கங்களைப் புரட்டிக் காட்டினாள். வாசிக்காதவர்கள் சித்தியடைந்ததையும் வாசித்தவள் தோற்றதையும் பெயர் சொல்லாமல் சொன்னாள்.   சாந்தகுமார் தமிழ் வினாவை ஒருமுறை வாசித்தார், சிங்களத்தை வாசித்தார், பிறகு தமிழைத் திரும்பவும் வாசித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். தலைவி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். இதைச் சொன்னதற்கு உங்களுக்கு நன்றி, இது பாரதூரமான விஷயம், இதை நாங்கள் அப்படியே விடமாட்டோம் என்றார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் ரதி பஸ்ஸிலிருந்து முன்னரே இறங்கிக் கடற்கரைப் பக்கமாக நடந்தாள். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது. இராமலெட்சுமிக்குத் தொலைபேசி எடுத்து, சொல்லிவிட்டேன், கேட்டார்கள், நல்லது நடக்கும் போலக் கிடக்கு என்றாள். அந்தப் பக்கத்தில் அக்காவின் பிள்ளைகள் இரைந்துகொண்டிருந்தார்கள். ரொம்ப நன்றிங்க மேடம் என்று அவள் சத்தமாகச் சொன்னது ரதிக்குக் கேட்டது.

மீளாய்வு அறிக்கை வர மாதங்கள் எடுத்தன. வந்ததும் தர உறுதிப்பாட்டுக் குழுவைக் கூட்டினார்கள். பணிப்பாளர் முக்கியமான பந்தியை எடுத்து வாசித்தார். தமிழ்மொழிமூலத்தில் கற்றல் சாதனங்களினதும் வினாத்தாள்களினதும் தரம் உறுதிப்படுத்தப்படவில்லை. போதிய விரிவுரையாளர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் நியமிக்கப்பட வேண்டும். அதுவரை அம்மொழிமூலத்துக்குப் புதிய மாணவரை அனுமதிப்பது பொருத்தமற்றது. வாசித்து முடித்துவிட்டு அவர் சொன்னார்: ஆளணிக்கு அனுமதி கேட்டு எழுதியிருக்கிறோம், இப்போதுள்ள நிலைமையில் புதிய நியமனங்கள் எதுவும் கிடைக்காது என்று திறைசேரி சொல்லிவிட்டது. ஆகவே தரத்தை முன்னிட்டு அடுத்த வருடம் தொடக்கம் தமிழ்மூல அனுமதியை இடைநிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. திருமதி ரதியின் நேர்மையான பங்களிப்புக்கு நிலையம் கடமைப்பட்டிருக்கிறது.

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் அவளைப் பார்த்துத் தலையசைத்தார்கள். பிரதம பரீட்சகர் மனமாரத்தான் புன்னகைத்தார். ரதிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது எழுந்து, தான் கேட்டது இதையல்ல, சீர்செய்யத்தான் சொன்னேன், மூடச் சொல்லவில்லை என்றாள். மூடவில்லை, இடைநிறுத்தம்தான் என்று பணிப்பாளர் பொறுமையாகத் திருத்தினார். தரமில்லாத பட்டத்தை உங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டே இருப்பது சரியா என்று திருப்பிக் கேட்டார். 

படியிறங்கும்போது ரொஷேல் கூட வந்தாள். கோபமாக இருப்பாள் என்று ரதி நினைத்தாள். அவள் களைத்துத்தான் இருந்தாள்.

“நீங்க சொன்னதில ஒரு சொல்லும் பிழையில்ல, மிஸ். அதுதான் எனக்கு உங்களோட சண்டை பிடிக்கவும் ஏலாமக் கிடக்கு.”

சாந்தகுமாரின் இலக்கத்தைத் தேடி எடுத்து ரதி அவருடன் கதைத்தாள். அவருக்கும் செய்தி புதிது. ஆள் போடச் சொல்லித்தான் அந்தப் பந்தி முழுவதையும் எழுதினோம், நெருக்கடி கொடுத்தால் தருவார்கள் என்று நினைத்துத்தான் கடைசி வசனத்தைச் சேர்த்தோம், அவர்கள் அந்த வசனத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள் என்றார். திருத்த முடியாதா என்று கேட்டதற்கு, ஒப்படைத்த அறிக்கை ஒப்படைத்ததுதான் என்றார். “மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா,” என்று அவர் சொன்னபோது, அந்த மனிதருக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய நிலை ரதிக்கு வந்தது.

அவள் அதோடு விட்டுவிடவில்லை. பீடாதிபதியைப் பார்க்கப் போனாள். காக்கவைத்தார்கள், பிறகு ஆள் இல்லை என்றார்கள். பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரின் காரியாலயத்துக்கு எழுதினாள். கிடைத்தது என்று பதில் வந்தது, அதற்கு மேல் வரவில்லை. வகுப்பில் சொல்லி மாணவர்களிடம் கையெழுத்து வாங்கினாள். தனுஷன் சேரும் வந்து கையெழுத்திட்டார். அவருடைய பிழைப்பும் அதில்தானே இருந்தது. கொட்டாஞ்சேனை மண்டபத்தில் அவர் பேனாவை மூடிக்கொண்டு, உங்கட பாட நூல் விளங்கியிருந்தா என்னட்ட ஒருத்தரும் வந்திருக்கமாட்டினம் டீச்சர் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் குத்திக்காட்டவில்லை, உள்ளதைச் சொன்னார்.

பழைய மாணவர்களுக்கு மட்டும் ஒரு சலுகை கிடைத்தது. மிச்சப் பாடம் உள்ளவர்கள் கடைசியாக ஒரு தடவை தமிழில் எழுதலாம். அதற்குப் பிறகு எழுதுவதென்றால் சிங்களத்தில் அல்லது ஆங்கிலத்தில்தான். இராமலெட்சுமிக்குச் சொல்ல ரதி தானே கொச்சிக்கடைக்குப் போனாள். அன்று செவ்வாய்க்கிழமை. அந்தோனியார் கோயிலுக்கு வந்த சனம் வீதியை நிறைத்திருந்தது. முன்பள்ளி விட்டு, தாய்மார் வந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும் வரைக்கும் ரதி வாசலில் நின்றாள். பிறகு குட்டிக் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தவளிடம், கடைசித் தடவை என்பதைச் சொன்னாள். இந்தமுறை வினாத்தாளைத் தான் பார்ப்பதற்கு ஒழுங்கு செய்யக் கேட்டிருப்பதாகவும் சொன்னாள்.

“காட்டுவாங்களா மேடம்?”

“கேட்டிருக்கிறன்.”

இராமலெட்சுமி அடுக்கிய கதிரைகளின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

“ஒங்ககிட்ட மறைக்கக் கூடாது மேடம். நான் தனுஷன் சார் கிளாஸ்ல சேந்துட்டேன். அக்காதான் கூட்டிட்டுப் போய் விட்டாங்க. இந்தத் தடவை போச்சுன்னா எனக்கு வயசும் போயிரும்.”

ரதி நல்லது என்றாள்.  தனியாக வந்து படி, நான் சொல்லித் தருகிறேன் என்று சொல்ல நினைத்தாள். தான் ஏற்கனவே சொல்லிக்கொடுத்ததை அந்தப் பிள்ளை நன்றாக விளங்கிக்கொண்டு போய் எழுதித்தான் தோற்றது என்பது ஞாபகம் வர, சொல்லாமல் விட்டாள்.

வினாத்தாளை அவளுக்குக் காட்டவில்லை. நேரம் போதவில்லை.

இராமலெட்சுமி சித்தியடைந்தாள். பெறுபேறு இணையத்தில் வந்த காலையில் அவளே தொலைபேசி எடுத்தாள். அழுதுகொண்டு சிரித்தாள். ‘ஏ’ தரச் சித்தி, வகுப்பிலேயே ஆகக் கூடிய புள்ளி தனக்குத்தான் என்று தனுஷன் சார் சொன்னார் என்றாள். பட்டதாரி நியமனத்துக்கு விண்ணப்பம் கோரியிருக்கிறார்கள், இன்னும் வயதிருக்கிறது என்றாள். தோட்டத்தில் அம்மாவுக்குச் சொல்லியாயிற்று, அடுத்தது உங்களுக்குத்தான் என்றாள். ரதிக்குக் கண் கலங்கியது. உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. வினாக்கள் இந்தமுறை எப்படி இருந்தன, பிழையில்லாமல் வந்ததா என்று கேட்டாள்.

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“கேள்விய நான் வாசிக்கல மேடம். வாசிச்சா திரும்பவும் யோசிச்சிருவேன்னு பயமா இருந்திச்சு. நம்பரை மட்டும் பாத்து, பாடமாக்குனத எழுதிட்டேன்.”

ரதி ஓம் என்றாள். சரி பிள்ளை, நல்லா இரும் என்றாள். நேர்முகப் பரீட்சைக்குப் போகும்போது எந்தச் சேலை உடுத்துவது என்று அவள் கேட்டதற்கு, இளநிறமாக ஏதாவது உடுத்தச் சொன்னாள். 

அடுத்த வருட அனுமதிக்கான விளம்பரம் பத்திரிகையில் இரண்டு மொழிகளில் மட்டும் வந்தது. ரொஷேலை நிலையம் வேறு பகுதிக்கு மாற்றியது. ஏற்கனவே பதிந்தவர்கள் முடிக்கும் வரைக்கும் கற்பிக்க ஆள் வேண்டுமென்று ரதியைக் கேட்டார்கள். விட்டுவிட்டு வரத்தான் நினைத்தாள். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு வேறு யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் கொட்டாஞ்சேனைக்குப் போய்வருகிறாள். வகுப்பில் ஆள் குறைந்துகொண்டே வருகிறது. புதிதாகச் சேர எப்போது விண்ணப்பம் வரும் என்று மலையகத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் இடைக்கிடை யாராவது அவளுக்கு அழைப்பார்கள். தெரியாது என்று சொல்லப் பழகிக்கொண்டாள். சிலர் ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்பார்கள். தரம் போதாதென்று நிறுத்திவிட்டார்கள் என்பாள். தரம் போதாதென்று சொன்னது தான்தான் என்பதை ஒருவருக்கும் சொன்னதில்லை. கேட்பதற்கு அவர்களுக்குத் தோன்றுவதும் இல்லை.